ரெடி மீல் வாங்கும் சர்க்கரைக்காரர்கள் எந்த வரியைப் படிக்க வேண்டும்?

நம்மவர்கள் மத்தியில் சூப்பர் மார்க்கெட் ரெடி மீலுக்கு நல்ல பெயர் கிடையாது. "பாக்கெட் சாப்பாடா? அதான் சுகர் ஏறுது" என்று ஊரிலிருந்து போனிலேயே தீர்ப்பு வந்துவிடும். ஆனால் சிட்னியிலோ மெல்பர்னிலோ இரண்டு பேரும் வேலைக்குப் போய், இரவு ஏழரைக்கு வீடு சேரும் குடும்பங்களில் வாரத்துக்கு இரண்டு நாளாவது மைக்ரோவேவ்தான் சமையல்காரர். வெளியே சொல்லத்தான் கூச்சம்.

எனக்கு டைப் 2 சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தபோது வயது 34. நம்மவர்களுக்கு இது சீக்கிரம் வரும் என்பது இந்த நாட்டுக்கும் தெரியும். ஆஸ்திரேலிய அரசின் 'ஆஸ்டிரிஸ்க்' என்ற ஆபத்துக் கணிப்புத் தாளில், ஆணின் இடுப்பளவு 102 செ.மீ. ஆன பிறகே மற்றவர்களுக்கு மதிப்பெண் ஏறும். ஆசிய வம்சாவளியினருக்கோ 90 செ.மீ.யிலேயே ஏறிவிடும். ஆகவே இது அப்பா அம்மா தலைமுறையின் வியாதி மட்டுமல்ல.

ரெடி மீலே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அளவு அச்சிட்டு வரும் சாப்பாடு அது ஒன்றுதான். வீட்டில் கரண்டி கரண்டியாக விழும் சாம்பார் சாதத்துக்கு லேபிள் கிடையாது. ஒரு கப் வெந்த சாதத்தில் ஏறத்தாழ 45 கிராம் கார்போஹைட்ரேட் இருக்கிறது. நம்ம தட்டில் எத்தனை கப் என்று யார் எண்ணுகிறார்கள்? பிரச்சினை எங்கே வருகிறதென்றால், லேபிளில் எந்த வரியைப் பார்ப்பது என்பதில்தான்.

பெரும்பாலோர் பார்ப்பது முன்பக்கத்து நட்சத்திரங்களை. 2014-ல் அறிமுகமான 'ஹெல்த் ஸ்டார் ரேட்டிங்' முறை ஆற்றல், நிறைவுற்ற கொழுப்பு, சோடியம், சர்க்கரை ஆகியவற்றுக்குப் புள்ளி குறைத்து, புரதம், நார்ச்சத்து, காய்கறி, பழங்களுக்குப் புள்ளி கூட்டுகிறது. மொத்த கார்போஹைட்ரேட் அதில் தனியாகக் கணக்கில் வராது. அதாவது, வெள்ளைச் சாதத்தின் மாவுச்சத்து நட்சத்திரத்தைப் பெரிதாகக் குறைக்காது. ரத்தத்தில் மட்டும் அது குளுக்கோஸாகத்தான் வந்து சேரும். பொதுவான ஆரோக்கியத்துக்காக வந்த அளவுகோல் அது. சர்க்கரைக்காரர்களுக்காகச் செய்ததல்ல.

அடுத்த தவறு, பின்பக்க அட்டவணையில் 'சுகர்ஸ்' வரியை மட்டும் பார்ப்பது. 350 கிராம் தட்டு ஒன்றில் 100 கிராமுக்கு சுகர்ஸ் 3 கிராம், கார்போஹைட்ரேட் 16 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றுதானே என்று கூடையில் போடுவோம். உள்ளே போவது 56 கிராம். பார்க்க வேண்டியது அந்த 'சுகர்ஸ்' வரிக்கு மேலே இருக்கும் கார்போஹைட்ரேட் வரி. அதிலும் 'ஒரு பரிமாறலுக்கு' என்ற கட்டத்தை மட்டும் நம்பாமல், பாக்கெட்டில் எத்தனை பரிமாறல் என்பதையும் பாருங்கள். 250 கிராம் மைக்ரோவேவ் சாதப் பையில் பெரும்பாலும் இரண்டு பரிமாறல் என்றே போட்டிருக்கும். அதை இரண்டாகப் பிரித்துச் சாப்பிடுகிறவர் எத்தனை பேர்?

யூடியூப் பார்த்து வளர்ந்த இளையவர்களுக்கு இன்னொன்று. அமெரிக்க லேபிளில் மொத்த கார்போஹைட்ரேட்டுக்குள் நார்ச்சத்தும் அடக்கம். அதனால்தான் அங்கே கழிக்கச் சொல்கிறார்கள். ஆஸ்திரேலிய லேபிளில் நார்ச்சத்து ஏற்கெனவே தனி. இங்கேயும் கழித்தால் கணக்கு தப்பாகக் குறையும். இன்சுலின் போடுகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

'லோ ஜிஐ' முத்திரை பயன்படும். சிட்னிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜென்னி பிராண்ட் மில்லர் குழுவினர் பல ஆண்டுகள் ஆராய்ந்த துறை அது. ஜிஐ 55 அல்லது அதற்குக் கீழே என்றால் சர்க்கரை மெதுவாக ஏறும். ஆனால் மெதுவாக ஏறுவது வேறு, ஏறாமலிருப்பது வேறு. லோ ஜிஐ அரிசியையும் மூன்று கப் சாப்பிட்டால் பலனில்லை.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். எனக்கு டயட்டீஷியன் வகுத்தது ஒரு வேளைக்கு 45 கிராம். உங்களுக்கு அது மாறும். முடிந்தவரை சாதம் சேராத கறியை வாங்கி, சாதத்தை நானே அளந்து போட்டுக்கொள்வேன். சாதத்தோடு வரும் தட்டென்றால் சாதத்தில் ஒரு பங்கை எடுத்துவைத்துவிட்டு, உறைந்த பீன்ஸையோ கீரையையோ ஒரு கிண்ணம் சூடாக்கிச் சேர்ப்பேன். டின் கொண்டைக்கடலையைக் கழுவிச் சேர்த்தால் புரதமும் நாரும் கூடும், ஆனால் அதன் கார்போஹைட்ரேட்டையும் எண்ணவேண்டும். சோடியம் 100 கிராமுக்கு 400 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது. ஒரு நாளைக்கு மொத்தம் 2,000 தான் வரம்பு. ஊறுகாய் அன்றைக்கு லீவு.

ஒரு எச்சரிக்கை. இன்சுலின், கிளிக்ளசைடு போன்ற மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாதத்தைத் திடீரென்று குறைக்கவோ, "பாக்கெட் சாப்பாடு வேண்டாம்" என்று இரவு பட்டினி கிடக்கவோ கூடாது. லோ சுகர் ஆகி மயங்கி விழ வாய்ப்புண்டு. கூச்சத்தால் வரும் ஆபத்து இதுதான்.

மெடிகேர் உள்ளவர்களுக்கு, ஜிபி நாள்பட்ட நோய்க்கான திட்டம் எழுதிக் கொடுத்தால் ஆண்டுக்கு ஐந்து முறை வரை டயட்டீஷியன் போன்ற நிபுணர்களைப் பார்க்க உதவித்தொகை கிடைக்கும். அடுத்த முறை போகும்போது, நீங்கள் உண்மையில் வாங்கும் ரெடி மீல் அட்டையையே கையில் கொண்டுபோங்கள். "இதில் எனக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள்.