எருவை மக்க வைப்பது யார்?

கோடை மழை ஒன்று விழுந்து மண் பதமானதும் டிராக்டர் டிராக்டராக எரு வந்து வயலில் இறங்கும். பல ஊர்களில் அது எருவே இல்லை, காய்ந்த சாணி. தொழுவத்துக்கு வெளியே ஒரு வருடம் வெயிலில் காய்ந்து, மழையில் கரைந்து கிடந்த குவியல். கையில் எடுத்து உடைத்தால் மாடு கழித்துப்போட்ட தட்டையும் வைக்கோலும் போட்டது போட்டபடி இருக்கும். கூடவே களை விதைகளும், காண்டாமிருக வண்டின் கொழுத்த புழுக்களும் வரும். தென்னை வைத்திருப்பவர்களுக்கு அந்த வண்டு செய்யும் சேதத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

காய்வது வேறு, மக்குவது வேறு. சாணியையும் குப்பையையும் எருவாக்குவது நுண்ணுயிர்கள். அவற்றுக்குத் தீனி, தண்ணீர், காற்று மூன்றும் கிடைத்தால்தான் வேலை நடக்கும்.

குவியலை முறையாகப் போட்ட இரண்டு மூன்று நாளில் உள்ளே கையை வைக்க முடியாது. சர்க்கரை, மாவு, புரதம் போன்ற எளிதில் செரிக்கும் பொருள்களைப் பாக்டீரியாக்கள் தின்று பெருகும்போது வெளிவிடும் சூடு அது. 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை போகும். அந்தச் சூட்டிலும் வாழத் தெரிந்த வேறு பாக்டீரியாக்கள் அப்போது பொறுப்பை ஏற்கின்றன. நோய்க்கிருமிகளும் பெரும்பாலான களை விதைகளும் சாவது இந்தக் கட்டத்தில்தான். 70 டிகிரியைத் தாண்டினால் வேலை செய்கிற நுண்ணுயிர்களே மடியத் தொடங்கும். குவியலைக் கிளறிவிட வேண்டியதற்கு அதுவும் ஒரு காரணம். சூடு தணிந்த பிறகு பூஞ்சைகளும் ஆக்டினோமைசீட்ஸ் என்ற நுண்ணுயிர்களும் வந்து, மிச்சமிருக்கும் நார்ப்பொருளைத் தின்னும். நல்ல எருவில் வரும் மழை மண் வாசனை ஆக்டினோமைசீட்ஸ் தருவது.

தீனி என்றால் வெறும் சாணி மட்டும் அல்ல. கரிச்சத்து 25 முதல் 30 பங்கு இருந்தால் தழைச்சத்து ஒரு பங்கு இருக்க வேண்டும். வைக்கோலில் கரி மிக அதிகம். அதை மட்டும் குவித்தால் மாதக்கணக்கில் அசையாது. கோழி எருவில் தழைச்சத்து அதிகம். தனியாகக் குவித்தால் அம்மோனியா கண்ணைக் கரிக்கும். நாம் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அந்த நெடி, காசு கொடுத்து யூரியாவாக வாங்கும் அதே தழைச்சத்து காற்றில் போவது. வைக்கோலையும் கோழி எருவையும் கலந்தால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும். சாணிக் கரைசலைத் தெளித்து, காய்ந்த சருகும் பச்சைத் தழையும் மாற்றி மாற்றி அடுக்கி, நாலடி உயரத்துக்குக் குவிக்கலாம். மிகச் சிறிய குவியலில் சூடு நிற்காது. மிக உயர்ந்த குவியலின் அடியில் காற்றுப் போகாது. ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் கை நனைய வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது. 10, 15 நாளுக்கு ஒருமுறை புரட்டிவிட்டால் ஏறக்குறைய மூன்று மாதத்தில் எரு தயார்.

இது புதிய வித்தை அல்ல. இந்தூரில் 1924 முதல் 1931 வரை பணிபுரிந்த ஆல்பர்ட் ஹோவர்டு, இந்திய உழவர்களிடமும் சீனாவின் வேளாண் வழக்கங்களிலும் கற்றதை முறைப்படுத்தியதுதான் இன்று இந்தூர் முறை எனப்படுகிறது.

சரி, கடையில் விற்கும் நுண்ணுயிர்ப் பாட்டில் தேவையா? காசியாபாத்தில் உள்ள தேசிய அங்கக வேளாண்மை மையம் 20 ரூபாய்க்குக் கொடுத்த கழிவு மக்கி என்ற நுண்ணுயிர்ப் பாட்டில் நாடெங்கும் பரவியது. 200 லிட்டர் தண்ணீரில் இரண்டு கிலோ வெல்லம் போட்டு, அந்தப் பாட்டிலைக் கலந்து, தினமும் கலக்கிவிட்டால் ஒரு வாரத்தில் பீப்பாய் நிறையக் கரைசல். ஜப்பானின் ஒகினாவாவில் தெருவோ ஹிகா உருவாக்கிய ஈ.எம். என்ற நுண்ணுயிர்க் கரைசலும் இங்கே பிரபலம். இவை வேலையை விரைவுபடுத்தும், நாற்றத்தைக் குறைக்கும். ஆனால் சாணியிலேயே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. காய்ந்து கிடக்கும் மேட்டின் மேல் கரைசலைத் தெளிப்பது, பாலே இல்லாத சட்டியில் உறைமோர் ஊற்றுவது போல. என் கணிப்பில், சாணியும் தழையும் கலந்த சாதாரணக் குவியலுக்குப் பாட்டிலைவிட ஒரு ஆள் கூலி கொடுத்துப் புரட்டுவது அதிகப் பலன் தரும்.

தென்னை நார்க்கழிவு அப்படி அல்ல. பொள்ளாச்சிப் பக்கம் கயிறு ஆலைகளுக்கு வெளியே மலை மலையாகக் கிடப்பது அது. லிக்னின் என்ற கடினமான பொருள் அதில் நிறைய இருப்பதால் சாதாரண பாக்டீரியாக்களின் பல் அதில் பதியாது. கரிக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதமோ 112:1. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்குச் சிப்பிக் காளானைக் கொண்டுவந்தது. ஒரு டன் நார்க்கழிவுக்கு ஐந்து பாட்டில் காளான் வித்து, ஐந்து கிலோ யூரியா. ஓர் அடுக்கில் வித்து, அடுத்ததில் யூரியா என்று மாற்றி மாற்றிப் பத்து அடுக்கு போட்டு, ஈரம் காயாமல் நிழலில் வைக்க வேண்டும். காளான் லிக்னினை உடைக்க, விகிதம் 24:1 வரை இறங்குகிறது. இங்கே வித்துக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை.

வைக்கோலை வயலிலேயே மக்க வைக்க டெல்லியின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பூசா கரைசலும் பூஞ்சைகளை நம்பியதுதான். 2020-இல் டெல்லி அரசு அதை வயல்களில் தெளித்தது. அதற்கு மூன்று வாரத்துக்கு மேல் வேண்டும். நெல் அறுத்த கையோடு கோதுமை விதைக்க வேண்டிய பஞ்சாப் உழவரிடம் அத்தனை நாள் இருப்பதில்லை. நுண்ணுயிரின் நாட்காட்டியும் உழவரின் நாட்காட்டியும் ஒத்துப்போகாத இடம் அது.

அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற உயிர் உரங்களைக் குவியல் போடும்போதே கொட்டுகிறவர்கள் உண்டு. அந்தச் சூட்டில் அவை பிழைக்காது. எரு ஆறிய பிறகு, வயலுக்கு எடுத்துச் செல்லும் சமயத்தில் கலக்க வேண்டும். காண்டாமிருக வண்டின் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சைக்கும் இதே கணக்கு. புழு ஏறுவது ஆறிய எருவில்தான். அப்போது தெளித்தால் போதும்.

மக்காத எருவைப் போட்டால் பயிர் வெளுக்கும். மிச்சமுள்ள கரியைத் தின்ன, நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையே எடுத்துக்கொள்வதுதான் காரணம். அதனால் லோடு வாங்குகிறவர்கள் பணத்தை எண்ணும் முன் குவியலுக்குள் கையை விட்டுப் பார்க்கலாம். சூடும் அம்மோனியா நெடியும் இருக்கக் கூடாது. எது தட்டை, எது இலை என்று அடையாளம் தெரியக் கூடாது. அப்படியும் சந்தேகம் என்றால் ஒரு சட்டியில் அந்த எருவும் மண்ணும், இன்னொன்றில் வெறும் மண்ணும் போட்டு, இரண்டிலும் பத்துப் பச்சைப்பயறு ஊன்றிப் பார்க்கலாம். எருச் சட்டியில் முளைப்பு குறைந்தால் அந்தக் குவியலை நனைத்துப் புரட்டி, இன்னும் ஒரு மாதம் விட வேண்டும்.