'மா': ஓர் ஒலி, பல மூலங்கள்

ஓரெழுத்தே தனிச்சொல்லாக நின்று பொருள் தருவதைத் தமிழ் இலக்கணம் ஓரெழுத்தொருமொழி என்கிறது. அத்தகைய சொற்கள் 42 என வரையறுக்கிறது பவணந்தியாரின் நன்னூல். அவற்றுள் ஒன்றான 'மா' என்பது மாமரம், விலங்கு, சிறப்பாகக் குதிரை, 1/20 என்னும் பின்னம், நில அளவை எனப் பல பொருள் தரும். இதே ஒலி வேறு பல மொழிகளிலும் உண்டு. ஒலி ஒன்றாயின் மூலமும் ஒன்றே எனத் துணிவோர்க்கு இச்சொல் நல்ல உரைகல்லாகும்.

அரபியில் 'மா' ஒரு சிறு சொல். ஆயினும் அதன் ஆட்சி பெரிது. 'எது' என வினவும், 'இல்லை' என மறுக்கும், 'எதுவோ அது' எனச் சுட்டும், வியப்பையும் உணர்த்தும். 1360இல் மறைந்த இப்னு ஹிஷாம் தம் 'முக்னில் லபீப்' நூலில் இதனைப் பெயர்ச்சொல், இடைச்சொல் என இரண்டாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் மும்மூன்று வகைகளாக விரிக்கிறார்.

இவ்வேறுபாடு இலக்கணத்தோடு நின்றுவிடுவதன்று. அல்பகரா அத்தியாயத்தின் 102ஆம் வசனத்தில், பாபிலின் இரு வானவர்களைப் பற்றிய இடத்தில் வரும் 'மா'வை இமாம் தபரீ (ரஹ்) 'இறக்கப்பட்டது எதுவோ அது' எனச் சுட்டாகக் கொண்டார். இமாம் குர்துபீ (ரஹ்) 'இறக்கப்படவில்லை' என மறுப்பாகக் கொள்வதே சிறந்தது என்றார். ஒரு சொல்லின் வகை மாற, வசனத்தின் கருத்தே மாறுவதைக் காண்கிறோம்.

தண்ணீரைக் குறிக்கும் அரபுச் சொல்லும் தமிழ்ச் செவிக்கு 'மா' என்றே கேட்கும். ஆனால் அதன் ஈற்றில் ஹம்ஸா உண்டு; அது வேறு சொல். எபிரேயத்தின் 'மயிம்' அதற்கு உடன்பிறப்பு. தமிழெழுத்தில் மறையும் இவ்வேறுபாட்டை அரபுத்தமிழ் எழுத்து காத்து நின்றது.

பாரசீகத்தில் 'மா' என்றால் 'நாம்'. அரபுச் சொல்லைப் போலவே எழுதப்பட்டாலும், அது 'நம்முடைய' எனப் பொருள்பட்ட பழம்பாரசீக 'அமாகம்' என்பதன் தேய்வு. சமஸ்கிருத 'மா' விலக்கலை உணர்த்தும் சொல். கிரேக்க 'மே'யும், ஏவலை விலக்கும் பாரசீக 'ம'வும் அதன் இனம். ஒலி வேறுபட்டும் இவை உறவாயின.

சீனத்திலோ தொனி மாறப் பொருள் மாறும்: தாய், சணல், குதிரை, திட்டுதல். குதிரையைக் குறிக்கும் 'மா'வே சீன முஸ்லிம்கள் பலரின் குடும்பப் பெயர். 1371இல் பிறந்த கடற்படைத் தலைவர் செங் ஹெயின் பிறவிப் பெயர் மா ஹெ. அவர் இலங்கையின் காலியில் நிறுவிய, 1409ஆம் ஆண்டிட்ட கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழிகளில் அமைந்தது. ஒரே கல்லில் அருகருகே நின்ற அம்மூன்று மொழிகளிலும் 'மா' உண்டு; மூன்றும் வெவ்வேறு மூலத்தின.

தமிழிலும் சீனத்திலும் குதிரை 'மா' எனப்படுவது உறவுக்குச் சான்றாகாதா எனலாம். ஆகாது. பழஞ்சீனத்தில் அச்சொல் மகரத்தோடு ரகரமும் கலந்து ஒலித்தது என மொழிநூலார் மீட்டமைத்துள்ளனர். தமிழ்ச் சொல்லோ விலங்கு என்னும் பொதுப்பொருளிலும் வழங்குவது. பின்னோக்கிச் செல்லச் செல்ல இரண்டும் விலகுகின்றனவேயன்றி நெருங்கவில்லை. பல மொழிகளில் 'மா' தாயைக் குறிப்பதும் இத்தகையதே. குழந்தையின் இதழ்கள் எளிதில் எழுப்பும் ஒலி அது என ரோமன் யாக்கப்சன் விளக்கினார்.

ஆகவே சொல்லின் உறவை நிறுவ வேண்டுபவை மூன்று: மிகப் பழைய வடிவம், பிற சொற்களிலும் ஒழுங்காகக் காணப்படும் ஒலியிணை, மக்கள் கலந்த வரலாறு. நம் மாங்காய் கடல்வணிகத்தின் வழியே போர்த்துக்கீசிய 'மங்கா' ஆனதற்கு அவ்வரலாறு உண்டு. இவையின்றிச் செவியை மட்டும் நம்பிப் பொருள் கூறுதல், மொழிக்கும் மறைக்கும் இழைக்கும் அநீதியாகும்.