குத்திப் பார்த்தால்தான் தெரியும்! பழைய கேம்பர் வேனுக்கு வீட்டு வாசலில் துரு வைத்தியம்

வட்ட விளக்குகள் இரண்டு, நடுவில் பெரிய ‘வி.டபிள்யூ.’ முத்திரை, சிரிப்பது போன்ற முகம். ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேனைப் படத்தில் பார்த்தாலே போதும், பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பத் தோன்றும். உள்ளே மடக்கினால் சோபா, விரித்தால் கட்டில். சின்ன அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, சில வண்டிகளில் தூக்கி நிறுத்தும் கூரை. பிரிட்டனில் இந்த வண்டிக்காகவே வருடக்கணக்கில் பணம் சேர்ப்பவர்கள் உண்டு. அப்படிச் சேர்த்த பணத்தில், பளபளவென்று பெயின்ட் அடித்த வண்டியை வாங்கி வாசலில் நிறுத்திய முதல் வாரத்திலேயே, கதவுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினால் ‘நறுக்’கென்று உள்ளே போகும். பலரின் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வண்டியின் வயது அப்படி. நெதர்லாந்தைச் சேர்ந்த கார் இறக்குமதியாளர் பென் பொன், 1947 ஏப்ரலில் தன் குறிப்பேட்டில் கிறுக்கிய ஒரு பெட்டிப் படம்தான் இதற்குப் பிள்ளையார் சுழி. 1950 மார்ச்சில் ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க் ஆலையில் உற்பத்தி தொடங்கியது. அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்குள் கட்டிலும் அலமாரியும் பொருத்த ஆரம்பித்தது. பெரிய ஒற்றைக் கண்ணாடியும் இழுத்துத் திறக்கும் பக்கக் கதவும் கொண்ட இரண்டாம் தலைமுறை 1967-ல் வந்தது. ஜெர்மனியில் 1979 வரையிலும், பிரேசிலில் 2013 வரையிலும் அது ஓடியது. ஆக, ஐரோப்பாவில் இன்று கைமாறும் வேன்களில் பல, அரை நூற்றாண்டு மழையைப் பார்த்தவை.

மழையை விடுங்கள், உப்புதான் பெரிய வில்லன். குளிர்காலத்தில் சாலையில் பனி உறையாமல் இருக்க பிரிட்டனில் லாரிகளில் கல் உப்பைக் கொண்டுவந்து தூவுவார்கள். அது சக்கரத்தில் பட்டுத் தெறித்து, வண்டியின் அடிவயிற்றில் உள்ள இண்டு இடுக்குகளில் எல்லாம் அப்பிக்கொள்ளும். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும் என்றாலும், உப்பு சேர்ந்தால் வேகம் பல மடங்கு. இதனால்தான் மழை குறைந்த கலிபோர்னியாவில் ஓடிய பழைய வேன்களைக் கப்பலேற்றி பிரிட்டனுக்குக் கொண்டுவருகிறார்கள். வெயிலில் பெயின்ட் வெளுத்து, சீட் துணி கிழிந்து, ஸ்டீயரிங்கும் இடப்பக்கம் இருக்கும். ஆனாலும் தகடு கெட்டியாக இருக்கிறதே, அதுதான் விலை!

கேம்பர் வேனுக்கென்றே இன்னொரு சிக்கலும் உண்டு. குளிர்காலத்தில் கதவு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு நாலு பேர் உள்ளே தூங்கினால், மூச்சுக்காற்றின் ஈரமும் அடுப்பில் கொதித்த டீயின் ஆவியும் குளிர்ந்த தகட்டில் முத்து முத்தாகப் படியும். அது மரப்பலகைக்குப் பின்னால் வழிந்து, உள்ளே அடைத்திருக்கும் பஞ்சில் ஊறி, அங்கேயே தங்கிவிடும். வெளியே பெயின்ட் புதுசு மாதிரி இருக்க, உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும்.

காந்தமும் திருப்புளியும்

வாங்குவதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்க பெரிய கருவிகள் வேண்டாம். ஒரு மெல்லிய துணியில் சுற்றிய காந்தமும், ஒரு திருப்புளியும் போதும். சக்கரத்துக்கு மேலுள்ள வளைவில் காந்தம் ஒட்டாமல் நழுவினால், அங்கே தகடு இல்லை. ஓட்டையில் பட்டியை அப்பி, தேய்த்து, பெயின்ட் அடித்திருக்கிறார்கள். முன்கண்ணாடி ரப்பருக்குக் கீழே பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தால், துரு ரப்பருக்கு அடியில் இன்னும் தூரம் போயிருக்கும். அங்கிருந்து கசியும் தண்ணீர் டிரைவர் காலடியில் உள்ள மேட்டுக்கு அடியில் குளமாக நிற்கும். கூரையைச் சுற்றி ஓடும் தண்ணீர்க் கால்வாய், பின்னால் இன்ஜின் அறையில் பேட்டரி உட்காரும் தட்டு, ஜாக்கி வைக்கும் இடம் ஆகியவையும் வழக்கமான குற்றவாளிகள்தான். பேட்டரித் தட்டு பாவம், மழையோடு அமிலத்தையும் சேர்த்துக் குடிக்கிறது.

இதில் மிக முக்கியமானது, கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை நீளமாக ஓடும் ‘சில்’ என்ற பகுதி. பார்க்க ஒரே தகடு போல இருந்தாலும், உள்ளே தகடுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து மூடிய பெட்டியாக இருக்கும். வண்டி நடுவில் தொய்ந்துவிடாமல் தாங்குவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இந்த வண்டிகளில் டிரைவருக்கு முன்னால் இன்ஜின் கிடையாது. மோதினால் முழங்காலுக்கும் எதிரே வரும் வண்டிக்கும் நடுவே இருப்பது ஒரு தகடுதான். அந்தத் தகடும், சீட் பெல்ட் மாட்டிய இடமும் இற்றுப்போயிருந்தால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிரிட்டனில் வருடாந்திர ‘எம்.ஓ.டி.’ சோதனையில் இதையெல்லாம் பார்ப்பார்கள். சீட் பெல்ட், சஸ்பென்ஷன் போன்றவை பிடித்திருக்கும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகடு பலமிழந்திருந்தால் தேறாது. ஆனால், 40 வயதைக் கடந்த, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத வண்டிகளுக்கு 2018 மே மாதத்திலிருந்து இந்தச் சோதனை கட்டாயம் இல்லை. விலக்கு கிடைத்ததில் பலருக்கு சந்தோஷம். குழந்தைகளைப் பின்னால் உட்காரவைத்து நெடுஞ்சாலையில் போகிறவர்கள், கட்டாயம் இல்லாவிட்டாலும் ஒருமுறை காட்டிவிடுவதே நல்லது. இல்லையென்றால், வண்டியின் ஆரோக்கியத்துக்கு அந்தத் திருப்புளி மட்டும்தான் சாட்சி.

தேய்ப்பதா, வெட்டுவதா?

மேலோட்டமான துரு என்றால் கவலை இல்லை. கம்பி பிரஷ், உப்புத்தாள், ஹேண்ட் கிரைண்டர் கொண்டு பளிச்சென்று இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். குழிக்குள் ஒட்டியிருக்கும் மிச்சத்துக்குத் துரு மாற்றித் திரவம் தடவுவார்கள். இவற்றில் பலவற்றில் இருப்பது பாஸ்பாரிக் அமிலம், கோலா பானத்தில் கொஞ்சமாக இருக்கும் அதே சரக்குதான். அது துருவோடு வினைபுரிந்து கெட்டியான படலமாக மாறிவிடும். ஆனால், உதிரும் துருவின் மேல் இதை ஊற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தால், அடுத்த குளிர்காலத்தில் கொப்புளம் திரும்பி வரும்.

தேய்க்கும்போது ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. சாதாரணத் துணி முகமூடி இதற்குப் போதாது, நுண்தூசியை வடிகட்டும் முகமூடி வேண்டும். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் இந்தத் தூசி பறக்கவே கூடாது.

திருப்புளி உள்ளே போன இடத்தில் தேய்ப்பு வேலைக்கு ஆகாது. வெட்டித்தான் எடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஓட்டையின் விளிம்போடு நிறுத்தாமல், கெட்டியான தகடு வரும்வரை வெட்ட வேண்டும். கை அளவு ஓட்டை, வெட்டி முடித்தால் முழ நீளம் ஆகிவிடும். முதல் முறை இதைச் செய்பவர்கள் மனம் உடைவது இந்த இடத்தில்தான்.

சில்லை வெட்டுவதென்றால் இன்னும் நிதானம் தேவை. தாங்கும் எலும்பையே எடுக்கிறோம் என்பதால், கதவு வாசலின் குறுக்கே தற்காலிகமாக ஒரு இரும்புக் குழாயைப் பற்றவைத்து முட்டுக் கொடுப்பார்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே அடுத்த பக்கம். கதவுகளை அவ்வப்போது மாட்டிச் சாத்திப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மாறினால் வண்டி வளைகிறது என்று அர்த்தம். அவசரத்தில் இதை விட்டவர்கள், புத்தம்புது சில் போட்ட பிறகு கதவு மூடாமல் தவிப்பார்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. உறுதியான ஸ்டாண்டுகள் வேண்டும்.

புதுத் தகட்டுக்கு அலைய வேண்டியதில்லை என்பது ஆறுதல். இந்த வேனுக்கான சில், சக்கர வளைவு, தளத்தகடு எல்லாம் இன்றும் புதிதாக அச்சில் அடித்து விற்கிறார்கள். சின்ன ஒட்டு என்றால் அட்டையில் அளவு வெட்டி வைத்துப் பார்த்து, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தகட்டில் அதே வடிவத்தை வெட்டலாம்.

வெல்டிங் தொடங்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். பின்பக்கம் வேலை என்றால் பெட்ரோல் டேங்கையே இறக்கிவிட வேண்டும். இந்த வேனில் டேங்க் இருப்பது இன்ஜினுக்கு முன்னால், ஒரு தகட்டுக்கு அந்தப்புறம். பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்கள் வெடித்துக் கசிந்து தீப்பிடித்து எரிந்துபோன வண்டிகளின் பட்டியல் நீளமானது. கையோடு அந்தக் குழாய்களையும் மாற்றிவிடலாம். உள்ளே இருக்கும் பஞ்சு, திரை, மரப்பலகை எல்லாம் வெளியே வந்தாக வேண்டும். வெளியே ஒருவர் பற்றவைக்க, உள்பக்கம் ஒருவர் தீயணைப்பானோடு காவல் இருப்பார். வீட்டு வேலையில் மனைவியோ அண்ணனோ மாட்டிக்கொள்வது இந்தக் காவலுக்குத்தான். முடித்த பிறகும் உடனே சாப்பிடப் போகக் கூடாது. மறைவில் புகைந்துகொண்டிருக்கும் பொறி, ஆள் போன பிறகு எரியத் தொடங்கும்.

மெல்லிய தகட்டில் ஒரே இழுப்பில் வெல்டிங் ஓட்டினால் சூட்டில் அப்பளம் போல நெளிந்துவிடும். அதனால் இங்கே ஒரு புள்ளி, தள்ளி அங்கே ஒரு புள்ளி என்று வைத்து, ஆறவிட்டு, நடுவிலுள்ள இடைவெளிகளைப் பிறகு நிரப்புவார்கள். வீணான தகட்டுத் துண்டுகளில் சில வாரம் பழகிவிட்டு வண்டியைத் தொடுவது நல்லது. ஸ்டீயரிங் பெட்டி பிடித்திருக்கும் இடம், சீட் பெல்ட் கொக்கி, முன் அச்சு சேரும் இடம் ஆகியவற்றை மட்டும் கைதேர்ந்த வெல்டரிடம் விட்டுவிட வேண்டும். செலவு மிச்சம் பார்க்கும் இடங்கள் அல்ல அவை.

பிரைமரை நம்பாதீர்கள்

தகடு போட்டாயிற்று, பிரைமரும் அடித்தாயிற்று, பெயின்ட்டை அடுத்த கோடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வாசலில் விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். சாதாரண பிரைமர் ஈரத்தை உறிஞ்சும். சில மாத மழையில் அதற்கு அடியிலேயே துரு மறுபடி துளிர்க்கும். தகடுகள் சேரும் இடங்களில் சீலர் பூசி, மேல் பெயின்ட்டையும் அடித்தால்தான் கவசம் முழுமை.

அதன் பிறகுதான் கடைசி வேலை, வெளியே தெரியாத வேலை. சில்லுக்குள்ளும் கதவுக்குள்ளும் மெழுகைப் பீய்ச்ச வேண்டும். மெழுகு டப்பாவை வெந்நீரில் வைத்து இளக்கி, நீண்ட குழாயை உள்ளே விட்டு, பின்னுக்கு இழுத்துக்கொண்டே அடிப்பார்கள். அது பற்றவைத்த தையல்களுக்குள் ஊர்ந்து படியும். சூட்டில் எரிந்து ஒழுகும் என்பதால், வெல்டிங் வேலை எல்லாம் முடிந்த பிறகே இதைத் தொட வேண்டும். கதவின் அடியிலும் சில்லின் அடியிலும் தண்ணீர் வடிய சின்னச் சின்னத் துவாரங்கள் இருக்கும். மெழுகோ பெயின்ட்டோ அவற்றை அடைத்திருந்தால், ஒரு மெல்லிய கம்பியை விட்டுக் குத்தித் திறந்துவிட வேண்டும்.