சிங்கப்பூரில் பாட்டிதான் வழிகாட்டி, தெரியுமா?

வெளிநாட்டுச் சுற்றுலா என்றதும் வீட்டுப் பெரியவர்களை ஊரிலேயே விட்டுவிட்டுக் கிளம்புகிறவரா நீங்கள்? சிங்கப்பூருக்கு மட்டும் அப்படிப் போய்விடாதீர்கள்! ஆங்கிலம் ஓர் எழுத்துகூடத் தெரியாத பாட்டியும் அந்த ஊரில் தைரியமாக நடமாடலாம், தெரியுமா? அங்கே நான்கு ஆட்சிமொழிகள். அவற்றில் தமிழும் ஒன்று. ரயில் நிலையத்தில் தமிழ் அறிவிப்பு ஒலிக்கும். எச்சரிக்கைப் பலகையில் தமிழ் இருக்கும். கையில் வாங்குகிற டாலர் நோட்டை உற்றுப் பாருங்கள், அதிலும் ‘சிங்கப்பூர்’ என்று தமிழில் அச்சடித்திருக்கிறார்கள்! கோ. சாரங்கபாணி 1935-ல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ நாளிதழ் இன்றும் வருகிறது. தாத்தாவுக்குக் காலைக் காபியோடு அதையும் வாங்கிக் கொடுத்துவிடலாம்.

பேரன் பேத்திகளுக்கு ரயிலே ஒரு பொழுதுபோக்கு! 2003-ல் ஓடத் தொடங்கிய வடகிழக்குத் தடத்தில் ஓட்டுநரே கிடையாது. முதல் பெட்டியின் முகப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். கண்ணாடிக்கு வெளியே சுரங்கம் வளைவதும், தூரத்தில் அடுத்த நிலையத்தின் விளக்கு புள்ளியாகத் தோன்றிப் பெரிதாகிக்கொண்டே வருவதும் தெரியும். 90 செ.மீ. உயரத்துக்குள் இருக்கும் குழந்தை, பெரியவர்களோடு வந்தால் பயணம் இலவசம். ஆனால் ரயிலுக்குள் எதையும் சாப்பிடக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. மீறினால் 500 டாலர் வரை அபராதம்! பாட்டி பையில் வைத்திருக்கும் முறுக்குப் பொட்டலத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அதே தடத்தில் லிட்டில் இந்தியாவில் ஏறினால் மூன்றாவது நிலையம் சைனாடவுன். சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில் அங்கேதான் இருக்கிறது! ஆமாம், சீனர்களின் வட்டாரத்தில்! 1819-ல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து கப்பலேறி வந்த நாராயண பிள்ளை சிங்கப்பூரின் முதல் செங்கல் சூளையைப் போட்டவர். அவர் 1827-ல் மரமும் கீற்றுமாக எழுப்பிய சிறு கோயில்தான் இன்று கோபுரத்தோடு நிற்கும் ஸ்ரீ மாரியம்மன் கோயில். அதை ஒட்டினாற்போல் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். கோயிலின் மதில்மேல் வரிசையாகப் படுத்திருக்கும் சுதைப் பசுக்களைப் பார்க்கத் தவறாதீர்கள். அங்கே நிற்கும்போது, சுற்றிலும் சிவப்புக் காகித விளக்குகள் தொங்கும் சீனக் கடைகள். காதில் விழுவது நாதஸ்வரம். இதைப் பயணத் திட்டத்தில் சேர்க்காத பேக்கேஜ் எதற்கு என்றே எனக்குத் தோன்றும்.

இன்னொன்று கேளுங்கள். வாட்டர்லூ தெருவில் கிருஷ்ணன் கோயிலும், சீனர்களின் குவான் இம் கோயிலும் அருகருகே இருக்கின்றன. குவான் இம்மைக் கும்பிட்டுவிட்டு வரும் சீனப் பக்தர்கள் பலர், கிருஷ்ணனுக்கும் ஊதுபத்தி ஏற்றி வணங்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள்!

கார்டன்ஸ் பை த பே பூங்காவின் ராட்சத மரங்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒன்று புகைபோக்கி, தெரியுமா? சிங்கப்பூர் பூங்காக்களில் வெட்டிக் கழித்த கிளைகளை எரித்து, அந்த வெப்பத்தைக் கொண்டே பக்கத்துக் கண்ணாடிக் கூடங்களைக் குளிர்விக்க உதவும் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். நெருப்பிலிருந்து குளிர்ச்சி! 50 மீட்டர் வரை உயர்ந்த அந்த மரங்களின் உடம்பெல்லாம் உயிருள்ள செடிகொடிகள், மொத்தம் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். கண்ணாடிக் கூடங்களுக்குக் கட்டணம் உண்டு. ஆனால் மரங்களின் அடியில் இரவு 7.45-க்கும் 8.45-க்கும் நடக்கும் ஒளி, ஒலிக் காட்சிக்கு ஒரு காசு கிடையாது! நின்று பார்த்துக் கழுத்தை வலிக்க வைக்காமல், ஒரு துண்டை விரித்துக் குடும்பத்தோடு படுத்துவிடுங்கள். உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் பார்க்கிறார்கள். சிறுவர்களுக்கான நீர் விளையாட்டுத் தோட்டமும் இலவசமே. திங்கட்கிழமை மூடியிருக்கும், மாற்றுத் துணி மறக்க வேண்டாம். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர் என்பதால் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் சூரியன் அடங்கும். நம் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், ராத்திரிக் காட்சி முடிந்தும் பிள்ளைகளுக்குத் தூக்கம் வராது.

1859-ல் தொடங்கிய தாவரப் பூங்கா, 2015-ல் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியச் சின்னம் ஆனது. அதற்கும் நுழைவு இலவசம், ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட்.

சாப்பாட்டுக்கு லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைக்குப் போங்கள். மேசைமேல் ஆளில்லாமல் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தால், அந்த இடத்தை யாரோ பிடித்துவைத்திருக்கிறார் என்று பொருள், உட்கார்ந்துவிடாதீர்கள்! சாப்பிட்டு முடித்ததும் தட்டை நாமேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும், அது சட்டம். மீன் தலைக் கறி இந்தியாவிலிருந்து போனதென்று நினைக்கிறோமே, அது சிங்கப்பூரிலேயே ஒரு மலையாளி சமையல்காரர் கையில் பிறந்தது!

சரி, ஷாப்பிங்! பட்டியலின் முதலில் கோடாலி தைலம். நம் வீட்டுப் பாட்டிமார் நெற்றியில் மணக்கும் அந்தத் தைலம் 1928-ல் சிங்கப்பூரில் தொடங்கிய லியுங் கை ஃபூக் நிறுவனத்தின் தயாரிப்பு, தெரியுமா? சட்டைப் பையில் அடங்கும் சின்னக் குப்பிகளை மொத்தமாக வாங்கினால் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் ஆயிற்று. அவற்றை விமான நிலையத்தில் ஒப்படைக்கும் பெட்டியில் வைத்துவிடுங்கள். லிட்டில் இந்தியாவின் முஸ்தபா கடையில் இதெல்லாம் நள்ளிரவு தாண்டியும் வாங்கலாம். பகல் முழுதும் ஊர் சுற்றுங்கள், கடைக்கு ராத்திரி போதும். சில்லறையாக புருணை நோட்டு வந்தால் பதற வேண்டாம்! 1967-ல் செய்த ஒப்பந்தப்படி அதுவும் சிங்கப்பூர் டாலரும் சரிக்குச் சரி, செல்லும்.

முக்கியமான விஷயம் வரி. பொருள் விலையில் 9 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில் சேர்ந்த கடையில் 100 டாலருக்குக் குறையாமல் வாங்கினால், சேவைக் கட்டணம் போக அந்த வரி திரும்பக் கிடைக்கும். 218 டாலருக்கு வாங்கினால் அதில் வரி 18 டாலர். விடலாமா? பத்துக் கடையில் சிதறாமல் ஒரே கடையில் வாங்குங்கள்; ஒரே நாளில் போட்ட மூன்று பில் வரை சேர்த்துக் கணக்குக் காட்டலாம். அசல் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். அதுவும் 16 வயது நிரம்பியவருடையது. தங்கம் ஆசை காட்டும். ஆனால் வரியில்லாமல் நகை கொண்டுவரும் சலுகையை நம் சுங்கத்துறை ஒரு வருஷத்துக்கும் மேல் வெளிநாட்டில் தங்கியவர்களுக்குத்தான் தருகிறது. நாலு நாள் சுற்றுலாக்காரருக்கு அது இல்லை.

திரும்பும் நாளில் சாங்கி விமான நிலையத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். முதல் முனையத்தை ஒட்டிய ஜுவல் கட்டடத்துக்குள் 40 மீட்டர் உயரத்திலிருந்து அருவி கொட்டுகிறது, கூரைக்குக் கீழே கொட்டும் அருவிகளில் உலகத்திலேயே உயரமானது! அதைப் பார்க்கவும் டிக்கெட் வேண்டாம். பார்த்து முடித்ததும் வரியைத் திரும்பப் பெறும் இயந்திரத்தில் பதிவு செய்துவிட்டுப் பிறகு பெட்டியை ஒப்படையுங்கள். அதிகாரி பொருளைக் காட்டச் சொன்னால், பெட்டி உங்கள் கையில் இருக்க வேண்டுமே!