மடியில் கனம்

“மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை” என்பது பழமொழி. ஆனால் மடியில் கனம் இருப்பதே ஒருவனுக்குத் தெரியாமல் இருந்தால்? அவன் பயப்பட வேண்டுமா, வேண்டாமா? விளையாட்டுக் கேள்விபோல் தோன்றும் இதற்கு விடை காண நம் நியாயஸ்தலங்கள் எவ்வளவோ சிரமப்பட்டிருக்கின்றன.

சேலம் ஜில்லாவுக்கு இது புதிய விஷயம் அன்று. சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு அமுலுக்கு வந்தது இங்கேதான்; 1937-ஆம் வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி. நாமக்கல்லும் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது சேலத்தைச் சேர்ந்தவை. சேலத்தில் வக்கீலாயிருந்தவரும், திருச்செங்கோட்டுக்கு அருகே காந்தி ஆசிரமம் அமைத்தவருமான ராஜாஜி, பிரதம மந்திரியாகி மூன்று மாதத்துக்குள் இதைச் செய்து முடித்தார்.

குடிப்பதும் விற்பதும் மட்டுமல்ல, வசம் வைத்திருப்பதே குற்றம் என்றது அந்தச் சட்டம். அதற்கு வெகுகாலம் முன்பே, 1878-ஆம் வருஷத்து அபினிச் சட்டமும் அனுமதியின்றி அபினி வைத்திருப்பதைத் தண்டித்தது. இரண்டிலும் ஒரு விசேஷம் உண்டு. பொதுவாகக் குற்றத்தை ருசுப்படுத்த வேண்டியது சர்க்கார் தரப்பு. இங்கேயோ, கையிலுள்ள பொருளுக்குத் திருப்தியான சமாதானம் சொல்ல முடியாதவனைக் குற்றவாளி என்றே அனுமானிக்க வேண்டும். அது தவறென்று காட்டுவது அவன் பொறுப்பு.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. இடுப்பில் முடிந்திருப்பது என்ன என்பது முடிந்தவனுக்குத்தானே தெரியும்? ஆனால் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மூட்டை ஏற்றி நாமக்கல்லுக்கு வண்டி ஓட்டும் ஓர் ஏழையை நினைத்துப் பாருங்கள். அந்த மூட்டைக்குள் யாரோ அபினியை வைத்துத் தைத்திருந்தால், சிறைக்குப் போக வேண்டியவர் யார்?

மதுவிலக்குச் சட்டத்தின் இந்த அனுமானம் செல்லாது என்ற வாதம் 1956-இல் ஸுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டி. எல். வெங்கடராம அய்யர், சங்கீத உலகம் ‘சங்கீத கலாநிதி’ என்று அறிந்த அதே பெரியவர். சட்டம் செல்லும் என்று அவர் தீர்ப்பளித்தார்.

வண்டிக்காரருக்கு ஆறுதல் 1973-இல் கிடைத்தது. ரயில் பார்சலில் இருந்த அபினியைப் பற்றிய ஒரு பஞ்சாப் வழக்கில், ‘வசம்’ என்றால் அறிந்து வைத்திருப்பது என்றே பொருள் கொள்ள வேண்டும் என்று ஸுப்ரீம் கோர்ட் கூறிற்று. பொருள் அவன் கைவசம் இருந்ததைச் சர்க்கார் முதலில் நிரூபிக்க வேண்டும். பிறகு, உள்ளே இருந்தது தனக்குத் தெரியாது என்பதை அவன் காட்ட வேண்டும். பாரம் இருவருக்கும் உண்டு. ஆனால் முதற் பாரம் சர்க்காருடையது.

பழைய அபினிச் சட்டம் 1985 நவம்பர் 14-ஆம் தேதி மறைந்து, அதனினும் மிகக் கடுமையான போதைப்பொருள் சட்டம் பிறந்தது. அந்தச் சமயத்தில் ராஜஸ்தானத்தில் ஒரு விந்தை நடந்தது. புதுச் சட்டம் பிறப்பதற்குச் சற்று முன்பு, கோர்ட் பொருளறையிலேயே இருந்த அபினி களவு போயிற்று. 1986 ஜனவரியில் அது அகப்பட்டது. “எடுத்தபோது புதுச் சட்டம் இல்லையே!” என்று வாதாடினார்கள். “எடுத்தது அன்றைக்கு, வைத்திருந்தது இன்றைக்கும் அல்லவா?” என்பதே 2015-இல் ஸுப்ரீம் கோர்ட் தந்த பதிலின் சாரம். வசம் வைத்திருப்பது ஒரு நாளில் முடிந்துபோகும் செயலன்று. கைவிடும் வரையில் தொடரும் குற்றம். பத்து வருஷச் சிறைத் தண்டனை நிலைத்தது.

இன்றைய சட்டத்தில் அனுமானம் இன்னும் கடுமை. தனக்குத் தெரியாது என்பவன், அதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். ஆயினும் 2008-இல் ஸுப்ரீம் கோர்ட், அடிப்படை விஷயங்களைச் சர்க்கார் முதலில் ருசுப்படுத்தியே தீர வேண்டும் என்று வற்புறுத்தியிருக்கிறது.

போதையை ஒழிக்கும் சட்டம் கடுமையாகவே இருக்கட்டும். அதனால் காப்பாற்றப்படுவது ஏழைக் குடும்பங்கள். ஆனால் அந்தக் குடும்பத்தின் வண்டிக்காரரையே அது விழுங்கிவிடக் கூடாது. ‘வசம்’ என்ற ஒரு சிறு சொல்லுக்குள் ‘அறிவு’ என்பதையும் சேர்த்துப் படித்த நீதிபதிகள் செய்த உபகாரம் இதுதான். நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு: முன்பின் அறியாதவர் மூட்டையை நம் மடியில் ஏற்றிக்கொள்ளாமல் இருப்பது.