ஓய்வு பெற்ற 'ராணி' மீண்டும் மெரினாவுக்கு வருமா?
குதிரைக்காரருக்கு வந்த சோதனை. டாக்டர் போட்ட 4 கட்டளை!

சென்னை—

மெரினா கடற்கரையில் குழந்தைகளைச் சுமந்த குதிரை அது. பெயர் ராணி. வயது 17. வலது முன்னங்கால் நரம்பு வீங்கியதால் ஒன்றரை வருடமாக அதற்கு வேலை இல்லை. திருவல்லிக்கேணி சந்து ஒன்றில் தகரக் கொட்டகையில் நின்று கொண்டிருந்தது.

வேலை இல்லாவிட்டாலும் வயிறு இருக்கிறதே! புல், தவிடு, கொள்ளு, லாடம், மருந்து என்று செலவு மட்டும் நிற்கவில்லை. சொந்தக்காரரிடம் இன்னொரு குதிரை உண்டு. அந்த ஒன்று சம்பாதித்ததில் 2 குதிரைகளும் 4 மனிதர்களும் சாப்பிட்டார்கள்.

கோடை விடுமுறை நெருங்கியது. கடற்கரையில் கூட்டம் சேரும் நேரம்.

"ராணி நல்லாத்தானே நிக்குது. சேணம் போட்டா என்ன?" என்றார் குதிரைக்காரர்.

"மறுபடியும் கால் மடங்கிச்சுன்னா? மேல உக்காந்திருக்கிறது ஊரான் வீட்டுப் பிள்ளைங்க!" என்றார் மனைவி.

அன்று இரவு அவருக்குத் தூக்கம் இல்லை.

ரேஸில் ஓடிய கால்

கடற்கரைக் குதிரைகளில் பல, ஒரு காலத்தில் கிண்டி ரேஸில் ஓடியவை. ராணியும் அப்படி வந்ததுதான். ரேஸ் குதிரை 2 வயதிலேயே ஓடத் தொடங்குகிறது. சில வருடங்களில் அதன் ரேஸ் வாழ்க்கை முடிந்துவிடும். ஆனால் ஆயுசு அப்படி அல்ல. நன்றாகக் கவனித்தால் குதிரை 25 வயதைத் தாண்டியும் உயிர் வாழும்.

மிச்ச வருடங்களுக்கு யார் தீனி போடுவது? இங்கேதான் சிக்கல்.

மறுநாள் கால்நடை டாக்டர் ஒருவரைக் கொட்டகைக்கு அழைத்து வந்தார் குதிரைக்காரர்.

"தலை ஆட்டுதா பாருங்க"

டாக்டர் முதலில் பார்த்தது காலை அல்ல, வாயை! வயதான குதிரைக்குக் கடைவாய்ப் பல் ஓரம் கத்தி போல் கூராகிவிடும். கன்னத்தைக் கிழிக்கும். தின்ன முடியாது, கடிவாளமும் வலிக்கும். ராணிக்கு 2 பல்லை ராவ வேண்டியிருந்தது.

அடுத்து நாடி. சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கலாம். ராணிக்கு 40. பரவாயில்லை.

பிறகு முதுகு. ஒன்றரை வருட ஓய்வில் சதை வற்றி, பழைய சேணம் தோள் எலும்பில் இடித்தது. "இதைப் போட்டீங்கன்னா ஒரே வாரத்துல புண்ணாயிடும்" என்றார் டாக்டர்.

கடைசியாகத்தான் கால். கெட்டித் தரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஓடவிட்டார்கள். முன்னங்காலில் வலி இருந்தால் குதிரையின் தலை காட்டிக் கொடுத்துவிடும். வலிக்கிற கால் தரையில் படும்போது தலை மேலே போகும். நல்ல கால் ஊன்றும்போது கீழே இறங்கும்.

ராணியின் தலை ஆடவில்லை. குதிரைக்காரர் முகத்தில் சிரிப்பு!

"அவசரப்படாதீங்க. மூச்சு சீக்கிரம் திரும்பிடும். நரம்பு அப்படித் திரும்பாது" என்று டாக்டர் தடுத்தார்.

சட்டம் என்ன சொல்கிறது?

வயது, நோய், காயத்தால் தகுதியற்ற மிருகத்தை வேலை வாங்குவது குற்றம் என்கிறது 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டம். முதல் தடவை பிடிபட்டால் அந்தச் சட்டத்தில் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான்! 50 ரூபாய்க்குப் பயந்து யார் குதிரையை நிறுத்துவார்கள்? கடைசியில் தீர்ப்பு சொல்ல வேண்டியது சொந்தக்காரரின் மனசாட்சிதான்.

8 வார நடை

டாக்டர் 8 வாரக் கணக்கு ஒன்று போட்டுக் கொடுத்தார். முதல் 2 வாரம் முதுகில் ஒன்றும் கூடாது. 20 நிமிடம் கையில் பிடித்து நடை. அப்புறம் 40 நிமிடம். அதன் பிறகு முதுகுக்குப் பொருந்தும் சேணம் மட்டும். கடைசியில்தான் ஆள். தினமும் சாயங்காலம் 2 முன்னங்கால்களையும் தடவிப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் சுட்டால் உடனே நிறுத்த வேண்டும்.

விடியற்காலை 5 மணிக்கு அலை ஓரத்து ஈர மணலில் நடை ஆரம்பமானது. 4 வாரம் ஒரு குறையும் இல்லை.

5-வது வாரம் குதிரைக்காரருக்குப் பொறுமை போயிற்று. விடுமுறைக் கூட்டம் கண் முன்னே போகிறது! ஒரு நாள் காய்ந்த மணலில் ராணியை ஓடவிட்டார். கால் புதையும் மணல் அது. நரம்பை இழுத்துவிடும்.

அன்று மாலை வலது கால் சுட்டது.

10 நாள் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, ஓய்வு கொடுத்து, மறுபடியும் முதலில் இருந்து நடை! விடுமுறையில் பாதி போயே போய்விட்டது.

"அதுக்கு வாய் இருந்தா அன்னிக்கே சொல்லியிருக்கும். நான்தான் கேக்கல" என்கிறார் இப்போது.

4 கட்டளை

டாக்டரின் இறுதி முடிவு: ராணி வேலைக்கு வரலாம். ஆனால் 4 கட்டளை.

1. நடை மட்டும்; ஓட்டம் கிடையாது.
2. குழந்தைகள் மட்டும், பெரியவர்களை ஏற்றக் கூடாது.
3. ஈர மணலில் மட்டும்; மதிய வெயிலில் கூடாது.
4. கால் சுட்டால் அன்றோடு வேலை நின்றது.

வருமானம் பழையபடி இருக்காது. மெரினாவில் வாலிபர்கள் கேட்பதே ஓட்டம்தான். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரையைத்தான் பழமொழி கேலி செய்கிறது. ராணியோ கடிவாளத்துக்கும் வாயைத் திறந்து கொடுத்தது. அதனால்தான் மனிதன் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பெற்றோர் கவனிக்க!

குழந்தையைக் குதிரையில் ஏற்றும் முன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். நடக்கும்போது தலை மேலும் கீழும் துள்ளுகிறதா? விலா எலும்பு எண்ணும்படி தெரிகிறதா? சேணத்துக்கு அடியில் புண் இருக்கிறதா? இருந்தால் ஏற்றாதீர்கள். பிள்ளைக்கும் ஆபத்து, குதிரைக்கும் வதை.

ராணி வேலைக்குத் திரும்பிய முதல் ஞாயிறு. 6 குழந்தைகள் ஏறி இறங்கினார்கள். பிறகு ஒரு வாலிபர் 500 ரூபாய் நோட்டை நீட்டினார்.

"அண்ணே, ஒரு ரவுண்டு. வேகமா ஓட்டணும்."

குதிரைக்காரர் நோட்டைப் பார்த்தார். காலைத் தடவிப் பார்த்தார்.

"ஓடாது தம்பி. இது ரிட்டயர் ஆயிடுச்சு. நடக்க மட்டும்தான் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, அடுத்த குழந்தையைத் தூக்கி உட்கார வைத்தார்.