மணல் ஏன் சோறாகிறது?

வீடு கட்டி விளையாடும் பிள்ளைகள் எந்த ஊரானாலும் மணலைத்தான் சோறாக்குகிறார்கள். நெகிரி செம்பிலானில் ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் வாசலில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு. காலியான பால் டின்னில் உலை. அதில் கொதிப்பது மணல். பக்கத்துக் கம்பத்து மலாய்ப் பிள்ளைகளும் 'மாசாக்-மாசாக்' என்று இதையேதான் விளையாடினார்கள். அரிசியைத் தொட்டால் அம்மா திட்டுவார் என்பதால் மணலை எடுத்தார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னொரு காரணமும் தெரிகிறது.

பொம்மை வீடு கட்டும் கைவினைஞர்கள் பெரும்பாலும் பின்பற்றும் அளவுவீதம் 1:12. நிஜத்தில் ஓர் அடி இருப்பது பொம்மை வீட்டில் ஓர் அங்குலம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை இந்தக் கணக்கில் பத்துக்குப் பன்னிரண்டு அங்குலமாகிவிடும். ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்தால் அறை நிறைந்துவிடும். இப்போது அந்த வீட்டுக்குள் நிஜ அரிசிமணி ஒன்றைப் போடுங்கள். அதன் நீளம் சுமார் 6 மில்லிமீட்டர். பன்னிரண்டால் பெருக்கினால் 7 சென்டிமீட்டருக்கு மேல். அந்த வீட்டுக்காரருக்கு அது சோற்றுப் பருக்கை இல்லை, வாழைக்காய்த் துண்டு! அரை மில்லிமீட்டர் பருமனுள்ள ஒரு மணல் துகளை எடுத்துக்கொண்டால், பன்னிரண்டு மடங்கில் அது சரியாக 6 மில்லிமீட்டர் ஆகிறது. குட்டி வீட்டுக்குப் பொருத்தமான அரிசி மணல்தான். அளவுகோலைத் தொட்டே பார்க்காத ஐந்து வயதுப் பிள்ளை இந்த விகிதத்தைக் கண்ணாலேயே பிடித்துவிடுகிறது.

ரப்பர் மரத்தடியையே ஒரு பாத்திரக்கடை என்று சொல்லலாம். ரப்பர் கொட்டையின் நீளம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர், எடை சுமார் 4 கிராம். 1:12 உலகில் அது 30 சென்டிமீட்டர் நீளமும் ஏழு கிலோ எடையும் கொண்ட பூசணிக்காய். எடை இவ்வளவு ஏறுவது ஏனென்றால் நீளம், அகலம், உயரம் மூன்றுமே பன்னிரண்டு மடங்காகின்றன. 12 × 12 × 12 என்றால் 1,728. ரப்பர் இலை ஒரே காம்பில் மூன்று சிற்றிலைகளாக விரியும். 15 சென்டிமீட்டர் சிற்றிலை ஒன்று அங்கே 180 சென்டிமீட்டர், அதாவது ஓர் ஆள் படுக்கும் பாய். வெடித்து விழுந்த காயின் ஓடு, வளைந்து காய்ந்த மரக்கிண்ணம். கடையில் விற்கும் சொப்புச் சாமான்களில்கூட அளவுகள் இவ்வளவு ஒத்துப்போவதில்லை.

இந்தச் சாமான்கள் வந்து சேரும் விதமும் வியப்பானது. ரப்பர் காய்க்கு மூன்று அறை, அறைக்கு ஒரு கொட்டை. காய் முற்றிக் காயும்போது ஓட்டின் அடுக்குகள் ஒரே சீராகச் சுருங்குவதில்லை. அதனால் ஓட்டுக்குள் இறுக்கம் ஏறிக்கொண்டே போகிறது. வெயில் ஏறிய ஒரு பொழுதில் காய் 'பட்'டென்று வெடிக்கும். கொட்டைகள் 15 மீட்டருக்கு அப்பாலும் போய் விழும். லயத்துத் தகரக் கூரையில் விழுந்தால் ஊருக்கே கேட்கும்.

விழுந்த கொட்டைகளைப் பொறுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே மரத்துக் கொட்டைகளுக்கு வடிவமும் பழுப்புப் புள்ளிக்கோலமும் ஒன்றுபோலவே இருக்கும். வேறு மரத்துக் கொட்டை தனியாகத் தெரியும். விதைக்குள் இருக்கும் கருவுக்குத் தாய் தந்தை இருவருடைய பங்கும் உண்டு. வெளியே தெரியும் விதையுறையோ முழுக்கத் தாய்மரத்தின் திசு. ஒட்டுக்கன்றுகளின் ரகத்தை அடையாளம் காணத் தோட்டத் துறையினர் இந்தக் கோலத்தைப் பயன்படுத்தியதுண்டு. விளையாடும் பிள்ளை கொட்டைகளை 'இது ஒரு குடும்பம், அது ஒரு குடும்பம்' என்று பிரித்து வைத்தால் தாவரவியல்படியும் அது சரியான பிரிவினைதான்.

இதன் மறுகோடியில் நிற்கிறது உலகின் புகழ்பெற்ற பொம்மை வீடு. இங்கிலாந்தின் மேரி ராணிக்காகக் கட்டடக்கலைஞர் எட்வின் லட்யன்ஸ் அதே 1:12 அளவில் வடிவமைத்தது. 1921இல் தொடங்கி 1924இல் முடிந்தது. சுமார் 1,500 கலைஞர்களும் கைவினைஞர்களும் உழைத்தார்கள். மின்விளக்கு எரியும், மின்தூக்கி ஏறி இறங்கும், குழாயில் தண்ணீர் வரும். ஆனால் அந்தத் தண்ணீர் மட்டும் அளவுவீதத்துக்குக் கட்டுப்படாது. குழாயிலிருந்து சொட்டும் துளியின் பருமனைத் தீர்மானிப்பது பரப்பிழுவிசை, அதாவது நீரின் மேற்பரப்பைத் தோல்போல இழுத்துப் பிடிக்கும் விசை. குழாயைச் சிறிதாக்கினாலும் துளி அதே விகிதத்தில் சிறுக்காது. 5 மில்லிமீட்டர் துளி அந்த வீட்டில் 6 சென்டிமீட்டர். குழாயைத் திறந்தால் எலுமிச்சம்பழம் எலுமிச்சம்பழமாகக் கொட்டும். சமையலும் நடக்காது. மூன்று லிட்டர் பானையை 1:12இல் செய்தால் 1.7 மில்லிலிட்டர்தான் கொள்ளும். தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்கு. உள்ளிருக்கும் நீரின் அளவோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு பன்னிரண்டு மடங்கு கூடிவிடுவதால் அடுப்பைவிட்டு இறக்கியதுமே சூடு பறந்துவிடும். எவ்வளவு செலவழித்தாலும் இயற்பியல் ஓர் எல்லையில் நிறுத்திவிடுகிறது. அங்கிருந்து வேலையை எடுத்துக்கொள்வது கற்பனை. தண்ணீரே ஊற்றாமல் உலை கொதிக்க வைக்க அதனால் முடியும்.

இரண்டு உலகங்களும் ஒருமுறை ஒரே வளாகத்துக்கு வந்தன. 1924இல் லண்டன் வெம்பிளியில் நடந்த பிரிட்டிஷ் பேரரசுக் கண்காட்சியில் அந்தப் பொம்மை வீட்டை 16 லட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். அதே கண்காட்சியில் மலாயாவுக்கும் ஓர் அரங்கு இருந்தது. மலாயாவின் செல்வத்தில் பெரும்பங்கு ரப்பர். தோட்டங்களில் அந்த ரப்பர்ப் பாலை வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

சரி, கொட்டை குடும்பமாகவும் மணல் சோறாகவும் மாறும் இயந்திரம் எங்கே இருக்கிறது? பிள்ளையின் தலைக்குள். அது எப்படி உருவாகிறது என்பதற்கு ஒரு வேடிக்கையான தடயம் உண்டு. ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயதுக்குள் இருக்கும் குழந்தை சில சமயம் உள்ளங்கை அளவு பொம்மைக் காருக்குள் காலை நுழைக்கப் பார்க்கும். பொம்மை நாற்காலியில் உட்காரப் பார்க்கும். விளையாட்டுக்காக இல்லை, மெய்யாகவே! ஜூடி டிலோச் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2004இல் இதற்கு 'அளவுப் பிழை' என்று பெயரிட்டார்கள். 'இது நாற்காலி' என்று அடையாளம் காணும் மூளைப் பாதை வேறு, 'இது எவ்வளவு பெரிது' என்று கணித்துக் கைகாலை இயக்கும் பாதை வேறு. அந்த வயதில் இரண்டும் எப்போதும் கைகோத்துச் செல்வதில்லை என்பது அவர்கள் தந்த விளக்கம்.

அதே டிலோச் 1987இல் செய்த சோதனை இன்னும் அழகானது. ஓர் அறை, பக்கத்தில் அந்த அறையின் குட்டி மாதிரி. மாதிரியில் குட்டி சோபாவுக்குப் பின்னால் ஒரு குட்டிப் பொம்மையைக் குழந்தையின் கண்ணெதிரே ஒளித்துவைக்கிறார்கள். 'பெரிய பொம்மையும் பெரிய அறையில் இதே இடத்தில்தான் இருக்கிறது, கண்டுபிடி' என்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் நேராகப் போய் எடுத்துவிட்டார்கள். இரண்டரை வயதுப் பிள்ளைகள் திணறினார்கள். வெறும் ஆறு மாத இடைவெளி! நினைவாற்றல் குறைவு காரணமில்லை. குட்டிப் பொம்மை எங்கே என்று கேட்டால் சரியாகவே எடுத்தார்கள். பெரிய அறையில் தேட, ஒரு பொருளைப் பொருளாகவும் வேறொன்றின் அடையாளமாகவும் ஒரே நேரத்தில் பார்க்கும் திறன் தேவை. இதை இரட்டைப் பார்வை எனலாம். வரைபடம், எழுத்து, எண் எல்லாவற்றுக்கும் அடித்தளம் இதுதான்.

டிலோச் 1997இல் இன்னொரு தந்திரம் செய்தார். அறையையே சுருக்கும் இயந்திரம் தன்னிடம் இருக்கிறது என்று இரண்டரை வயதுப் பிள்ளைகளை நம்பவைத்தார். இப்போது மாதிரி, அறையின் அடையாளம் இல்லை, சுருங்கிப்போன அறையேதான். இரட்டைப் பார்வைக்கு அவசியமே இல்லாமல் போனது. முன்பு திணறிய வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் பொம்மையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டரை வயதுக்கு மந்திரத்தை நம்புவது எளிது, உருவகம்தான் கடினம்.

உருவகம் பிடிபட்ட பிறகு பாருங்கள் வேடிக்கையை. ஆலன் லெஸ்லி என்ற உளவியலாளர் இரண்டு காலிக் கோப்பைகளில் தேநீர் ஊற்றுவதுபோல் பாவனை செய்யச் சொன்னார். பிறகு ஒன்றை எடுத்துக் கவிழ்த்து உதறினார். 'எந்தக் கோப்பை காலி?' என்றார். இரண்டுமே காலிதான். பிள்ளைகளோ கவிழ்த்த கோப்பையைக் காட்டினார்கள். இல்லாத தேநீர் ஒரு கோப்பையில் இருக்கிறது, இன்னொன்றில் கொட்டிப்போயிற்று என்று தலைக்குள் துல்லியமாகக் கணக்கு ஓடுகிறது. ஆனாலும் தாகமெடுத்தால் யாரும் அந்தக் கோப்பையை நாடுவதில்லை. நிஜமும் பாவனையும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இரண்டு பேரேடுகள். மணல் சோற்றைப் 'பசிக்குது, போடு' என்று கேட்கும் பிள்ளை அதை வாய்வரை கொண்டுபோய்ச் சப்புக்கொட்டிவிட்டுக் கீழே போடுகிறதே, அந்தக் கடைசி அங்குலத்தில் வேலை செய்வது இந்த இரட்டைக் கணக்குதான்.

குட்டி வீட்டில் நேரமும் சுருங்குமோ? ஆல்டன் டிலாங் என்ற ஆய்வாளர் 1981இல் பெரியவர்களை வைத்து இதைச் சோதித்தார். 1:6, 1:12, 1:24 அளவில் அறை மாதிரிகள். அவற்றுக்குள் குட்டி உருவங்களை நடமாட விட்டு, அரை மணி ஆயிற்று என்று தோன்றும்போது சொல்லுங்கள் என்றார். 1:6 அறையில் ஐந்து நிமிடம் கடந்தபோதே அரை மணி ஆனதாகத் தோன்றியது. 1:12இல் இரண்டரை நிமிடத்தைச் சற்றுத் தாண்டியபோது. அறை சுருங்கச் சுருங்க, உணரும் காலமும் ஏறத்தாழ அதே விகிதத்தில் விரைந்தது. பிறகு சோதித்தவர்கள் எல்லாருக்கும் கணக்கு இவ்வளவு கச்சிதமாக அமையவில்லை. ஆனாலும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போன அம்மா பால் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துவிட்டுத் திரும்ப மதியமாகும். அதற்குள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைப் பக்கத்து மரநிழலில் குட்டி வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போய், சம்பளம் வாங்கி, பிள்ளைக்குக் கல்யாணமும் முடித்திருப்பார்கள்.

அந்தக் குட்டி வீட்டில் ஒரே பிள்ளை வேலை வாங்கும் கங்காணியாகவும் கணக்கெழுதும் கிராணியாகவும் அம்மாவாகவும் பேசும். குரல் மாறும், கோபம் மாறும், நியாயமும் மாறும். பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளின் தலையில் அகச்சிவப்பு ஒளியால் மூளையின் இரத்த ஓட்டத்தை அளக்கும் தொப்பியை மாட்டினார்கள். பொம்மையோடு விளையாடும்போது காதுக்குச் சற்று மேலே பின்புறமாக உள்ள ஒரு மூளைப் பகுதி சுறுசுறுப்பானது. மற்றவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கும் வேலையில் பங்கெடுக்கும் பகுதி அது. தனியாக விளையாடியபோதும், இன்னொருவரோடு விளையாடியபோதும் அதன் வேகம் கிட்டத்தட்ட ஒன்றே. டேப்லட்டில் தனியாக விளையாடியபோது குறைந்தது. இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது பார்பி பொம்மைகளைத் தயாரிக்கும் மேட்டல் நிறுவனம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அப்படியானால் பார்பிதான் வாங்க வேண்டுமா? மேரி ஆன் புலாஸ்கி 1970இல் 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளிடம் இரண்டு வகை விளையாட்டுப் பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். அப்படியே நிஜம்போல் செய்தவை ஒரு வகை; துணி, அட்டைப்பெட்டி, கட்டைபோல் எதுவாகவும் ஆகக்கூடியவை மறு வகை. இரண்டாவது வகையில்தான் கதைகள் பலவிதமாகப் பிறந்தன. மறுவருடம் சைமன் நிக்கல்சன் இதையே ஒரு கொள்கையாக எழுதினார்: ஓரிடத்தில் அசைக்க, மாற்ற, கூட்டிக்கழிக்க முடிந்த உதிரிப்பொருள்கள் எத்தனை இருக்கின்றனவோ அதற்கேற்பக் கண்டுபிடிப்பும் பெருகும். மிகச் சின்ன வயதில் நிஜத்தை ஒத்த பொம்மை கைகொடுக்கும். வயது ஏற ஏற ஒற்றுமை குறைந்தாலும் போதும். தமிழர்களுக்கு இது பழைய பாடம். மணலில் பெண்பிள்ளைகள் கட்டும் குட்டி வீடான சிற்றிலைப் பற்றிக் கலித்தொகை பேசுகிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஒன்றாகவே சிற்றில் இடம்பெற்றது.

நெகிரி செம்பிலானின் பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ரப்பர் கொட்டை கிடைத்தாலும் ஒரு கவனம் வேண்டும்: அதில் சயனைடைக் கொடுக்கும் வேதிப்பொருள் இருக்கிறது, பச்சையாகத் தின்றால் நஞ்சு, சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டையில் சிக்கும் ஆபத்தும் உண்டு. வேறு கொட்டை, மூடி, தீப்பெட்டி, துணித்துண்டு எதுவும் அந்த வேலையைச் செய்யும். ஒரு டப்பாவில் போட்டு, மூன்று வயது தாண்டிய பிள்ளையிடம் கொடுங்கள். 'இது கார், இது கட்டில்' என்று நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். 'இது என்ன?' என்று கேளுங்கள். மீதியைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.